கதவை அடைத்தால் மட்டும் போதுமா?

வளரும் நாடுகளின் மின் திட்டங்களுக்குப் பன்னாட்டு நிதி நிறுவனங்கள் வழங்கும் கடன், நிலக்கரியை விட்டு விலகிச் சூரியசக்தி, காற்றாலை போன்ற மாசு குறைந்த ஆதாரங்களை நோக்கித் திருப்பப்பட வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வந்துள்ளது. ஏட்டளவில் பார்த்தால், அக்கோரிக்கையின் முதல் பாதி நிறைவேறிவிட்டது. புதிய அனல் மின் நிலையங்களுக்கு மிக அரிதான சூழ்நிலைகளில் மட்டுமே நிதி அளிப்பதென 2013-ல் உலக வங்கி முடிவெடுத்தது. வெளிநாடுகளில் அமையும் அனல் மின் நிலையங்களுக்கு அரசு நிதி வழங்குவதை நிறுத்திக்கொள்வதாக 2021-ல் ஜி-7 நாடுகள் அறிவித்தன. அதே ஆண்டு செப்டம்பரில், அயல்நாடுகளில் புதிய நிலக்கரி மின் திட்டங்களைச் சீனா கட்டாது என்று அந்நாட்டு அதிபர் ஷி ஜின்பிங் ஐ.நா. பொதுச் சபையில் உறுதி கூறினார்.

இரண்டாவது பாதியின் நிலை என்ன? உலகில் தூய எரிசக்திக்காகச் செய்யப்படும் முதலீட்டில், சீனா நீங்கலாக மற்ற வளரும் நாடுகளுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 15 சதவீதம் மட்டுமே என்று சர்வதேச எரிசக்தி முகமை 2024-ல் கணக்கிட்டது. உலக மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்கினர் வாழ்வது இந்த நாடுகளில்தான். நிலக்கரிக்கான கதவு அடைக்கப்பட்டுவிட்டது. அதற்கு மாற்றான கதவோ இன்னமும் ஒருக்களித்தே கிடக்கிறது. நிதியைத் திருப்பிவிடுவது என்பது ஒன்றுக்குத் தர மறுப்பதோடு முடிந்துவிடுவதில்லை. மற்றொன்றுக்கு எந்த வட்டியில், எந்த நாணயத்தில், யாருடைய பொறுப்பில் தருவது என்பதே அதன் உயிர்நாடி. இந்தியாவின் அனுபவம் இதைத் தெளிவாக எடுத்துக்காட்டுகிறது.

இந்தியாவின் நிலக்கரி மின்சாரம் அன்னியக் கடனின் துணையின்றி வளர்ந்ததல்ல. 1975-ல் தொடங்கப்பட்ட தேசிய அனல் மின் கழகத்தின் முதல் நிலையமான சிங்ரௌலிக்கு 1977-ல் உலக வங்கி 15 கோடி டாலர் கடன் அளித்தது. உத்தரப் பிரதேசமும் மத்தியப் பிரதேசமும் சந்திக்கும் அந்த வட்டாரத்தில் அடுத்தடுத்துச் சுரங்கங்களும் மின் நிலையங்களும் எழுந்தன. ரிஹந்த் அணைக்காக ஏற்கெனவே நிலத்தை இழந்திருந்த குடும்பங்களில் பல, சுரங்கத்துக்காகவும் மின் நிலையத்துக்காகவும் மீண்டும் இடம்பெயர நேர்ந்தது. மறுவாழ்வு தொடர்பான தன் சொந்த விதிகளையே உலக வங்கி கடைப்பிடிக்கவில்லை என்று 1997-ல் அவ்வங்கியின் ஆய்வுக் குழுவிடம் முறையீடு சென்றது.

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பாதை மாறவில்லை. குஜராத்தின் கட்ச் கடலோரத்தில் முந்த்ரா என்ற இடத்தில் டாடா பவர் நிறுவனம் அமைத்த சுமார் 4,000 மெகாவாட் அனல் மின் நிலையத்துக்கு, உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம் 2008-ல் 45 கோடி டாலர் கடன் வழங்கியது. ஆசிய வளர்ச்சி வங்கியும் கைகொடுத்தது. யூனிட்டுக்கு 2 ரூபாய் 26 காசு என்ற விலையில் ஐந்து மாநிலங்களுக்கு மின்சாரம் கிடைக்கும் என்பதே அத்திட்டத்தின் கவர்ச்சி.

நிலையத்திலிருந்து கடலில் கலக்கும் வெந்நீரும், காற்றில் பரவும் சாம்பலும் தங்கள் பிழைப்பைக் கெடுப்பதாக உள்ளூர் மீனவர்கள் 2011-ல் கடன் தந்த நிறுவனத்தின் குறைதீர் அமைப்பிடம் முறையிட்டனர். மீனவர்களுக்கு நேரக்கூடிய பாதிப்பைக் கழகம் போதிய அளவு கருத்தில் கொள்ளவில்லை என்று அந்த அமைப்பே 2013-ல் அறிக்கை அளித்தது. ஆனால், பரிகாரம் கிடைக்கவில்லை. மீனவர்கள் அமெரிக்க நீதிமன்றத்தை நாடினர். சர்வதேச அமைப்பு என்பதால் தன்மீது வழக்கே தொடர முடியாது என்று கழகம் வாதிட்டது. அப்படி முழுமையான சட்டப் பாதுகாப்பு எதுவும் அதற்கு இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. எனினும், பாதிப்புக்குக் காரணமான செயல்கள் அமெரிக்க மண்ணில் நடைபெறவில்லை என்று கூறிக் கீழ் நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளுபடி செய்தன. 2022-ல் மேல்முறையீட்டை ஏற்க உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. சட்டக் கேள்வியில் வென்ற மீனவர்கள், இழப்பீட்டைப் பொருத்தவரை வெறுங்கையுடன் நின்றனர்.

மலிவு மின்சாரம் என்ற கணக்கும் பொய்த்தது. இந்தோனேசியாவிலிருந்து குறைந்த விலைக்கு நிலக்கரி வரும் என்ற நம்பிக்கையில் கேட்கப்பட்ட விலை அது. அந்நாட்டு அரசு நிலக்கரி ஏற்றுமதி விலையைச் சர்வதேசச் சந்தையோடு இணைத்ததும் நம்பிக்கை சரிந்தது. மின்கட்டணத்தை உயர்த்தித் தர வேண்டும் என்ற நிறுவனத்தின் கோரிக்கையை இந்திய உச்ச நீதிமன்றம் 2017 ஏப்ரலில் நிராகரித்தது. அனல் மின் நிலையம் கட்டுவதற்கான கடனை ஒருமுறை வாங்கினால் போதும். ஆனால், அது இயங்கும் காலம் முழுவதும் நிலக்கரிக்கு விலை கொடுத்தாக வேண்டும். அந்த விலையை நிர்ணயிப்பது இங்குள்ளவர்களின் கையில் இல்லை என்பதே முந்த்ரா கற்பித்த பாடம்.

அத்தீர்ப்புக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, 2017 பிப்ரவரியில், மத்தியப் பிரதேசத்தின் ரீவாவில் 750 மெகாவாட் சூரிய மின் பூங்காவுக்கு ஏலம் நடைபெற்றது. நிலக்கரிக்குப் பெயர்போன சிங்ரௌலி மாவட்டமும் ரீவா கோட்டத்தைச் சேர்ந்ததுதான் என்பது குறிப்பிடத்தக்கது. அதற்கு ஓராண்டு முன்பு ராஜஸ்தானில் எட்டப்பட்ட மிகக் குறைந்த சூரிய மின்விலை யூனிட்டுக்கு 4 ரூபாய் 34 காசு. ரீவாவில் முதலாண்டுக்கு 2 ரூபாய் 97 காசு என்ற விலை கிடைத்தது. இந்த விலை பதினைந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 5 காசு மட்டும் உயரும். அரசு மானியம் ஏதும் வழங்கப்படவில்லை.

முந்த்ராவுக்குக் கடன் கொடுத்த அதே சர்வதேச நிதிக் கழகம்தான் ரீவா ஏலத்துக்கு ஆலோசகராக இருந்தது. பூங்காவுக்கு உள்ளே தேவைப்பட்ட மின்பாதைகளுக்கும் துணை மின் நிலையங்களுக்கும் உலக வங்கியும் தூய தொழில்நுட்ப நிதியமும் கடன் அளித்தன. மின்சாரத்தை வாங்கும் மாநில நிறுவனம் பணம் தரத் தவறினால் ஈடுசெய்ய மாநில அரசு உத்தரவாதம் அளித்தது. உற்பத்தியில் ஏறத்தாழ கால் பங்கைத் தில்லி மெட்ரோ ரயில் வாங்கிக்கொள்ள முன்வந்தது. சூரியத் தகடுகளின் விலை உலகெங்கும் சரிந்துகொண்டிருந்ததும் விலை குறைந்ததற்கு ஒரு காரணமே. ஆனால், நிலம் கிடைக்குமா, மின்பாதை வருமா, விற்ற மின்சாரத்துக்குப் பணம் வருமா என்ற முதலீட்டாளரின் மூன்று அச்சங்களும் முன்கூட்டியே நீக்கப்பட்டதுதான் பெருங்காரணம். பொதுநிதி அளவில் சிறிதாக இருந்தாலும், சரியான இடத்தில் இறங்கினால் பெரும் தனியார் முதலீட்டை மலிவாக ஈர்க்க முடியும் என்பதற்கு ரீவா சான்று.

வட்டி விகிதத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்ற கேள்வி எழலாம். அனல் மின்சாரத்தின் விலையில் பெரும்பகுதி எரிபொருளுக்கானது. சூரியனுக்கும் காற்றுக்கும் எரிபொருள் செலவு இல்லை. செலவு முழுவதும் தொடக்கத்திலேயே, கடனாகவே வந்துவிடுகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைக்க 4 கோடி ரூபாய் கடன் வாங்கப்பட்டு, ஆண்டுக்கு 20 லட்சம் யூனிட் மின்சாரம் உற்பத்தியாவதாகக் கொள்வோம். கடனை இருபது ஆண்டுகளில் சம தவணைகளில் அடைப்பதென்றால், 10 சதவீத வட்டியில் ஆண்டுக்குச் சுமார் 47 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். 5 சதவீதத்தில் சுமார் 32 லட்சம். யூனிட் கணக்கில் பார்த்தால் முதலாவதில் கடன் சுமை 2 ரூபாய் 35 காசு, இரண்டாவதில் 1 ரூபாய் 60 காசு. தகடும் அதேதான், வெயிலும் அதேதான். வட்டி ஒன்றினால் மட்டும் 75 காசு வேறுபாடு.

வளர்ந்த நாடுகளோடு ஒப்பிடும்போது, வளரும் நாடுகளில் இத்தகைய திட்டங்களுக்கான மூலதனச் செலவு இரு மடங்குக்கும் மேல் என்று சர்வதேச எரிசக்தி முகமை கூறுகிறது. வெயில் அதிகம் காயும் நாடுகளில் பணம் விலை அதிகமாகவும், வெயில் குறைந்த நாடுகளில் பணம் மலிவாகவும் கிடைப்பது முரண்பாடே. தூய மின்சாரத்துக்கு மாறுங்கள் என்று ஊருக்கு உபதேசம் செய்யும் நாடுகள், இந்த வட்டி வேறுபாட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் சந்தையைக் கைகாட்டிவிடுகின்றன.

வெளிநாட்டில் வட்டி குறைவுதானே, அங்கிருந்து வாங்கலாமே என்றால், அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கடன் டாலரில், மின்சாரம் விற்று வரும் வருமானமோ ரூபாயில். 2010-ல் ஒரு டாலரின் மதிப்பு ஏறத்தாழ 45 ரூபாய். 2025-ல் அது 85 ரூபாயைத் தாண்டியது. இருபது ஆண்டுக் கடனுக்கு நாணய மதிப்புச் சரிவிலிருந்து காப்புத் தேட முயன்றால், அதற்கான கட்டணமே குறைந்த வட்டியின் பலனை விழுங்கிவிடுகிறது. இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. சர்வதேச நிதிக் கழகம் 2014-ல் ரூபாய் மதிப்பிலான மசாலா பத்திரங்களை வெளியிட்டு, நாணயச் சரிவின் சுமையை முதலீட்டாளரே ஏற்கும்படி செய்தது. அப்போது முடிந்தது, பெரிய அளவில் ஏன் முடியாது என்ற கேள்விக்கு வாஷிங்டனில் உள்ளவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

வாக்குறுதிகளுக்குப் பஞ்சமில்லை. 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக 2009-ல் கோபன்ஹேகனில் வளர்ந்த நாடுகள் உறுதியளித்தன. அந்த இலக்கு இரண்டு ஆண்டுகள் தாமதமாக, 2022-ல்தான் எட்டப்பட்டது. அந்த ஆண்டில் அரசுகளும் பன்னாட்டு வங்கிகளும் அளித்த தொகையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடன். அதாவது வட்டியோடு திருப்பித் தரவேண்டிய பணம். 2024 நவம்பரில் பாகு மாநாட்டில் 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்ற புதிய இலக்கு அறிவிக்கப்பட்டது. வளரும் நாடுகள் கேட்டதோ 1.3 லட்சம் கோடி டாலர். தீர்மானம் நிறைவேறியதாக அறிவிக்கப்பட்ட பின்னர் எழுந்த இந்தியப் பிரதிநிதி, அதை ஏற்க முடியாதென அரங்கிலேயே ஆட்சேபம் தெரிவித்தார். தேவைக்கும் வாக்குறுதிக்கும் இடையே அத்தனை பெரிய பள்ளம்.

நிலக்கரியைக் கைவிட முன்வரும் நாடுகளுக்கென வகுக்கப்பட்ட கூட்டுத் திட்டங்களின் கதையும் இதுவே. தென்னாப்பிரிக்காவுக்கு 2021-ல் 850 கோடி டாலர் அறிவிக்கப்பட்டது. அதில் மானியம் மிகச் சிறு பங்கே. மெடூப்பி அனல் மின் நிலையத்துக்கு 2010-ல் அதே நாட்டுக்கு 375 கோடி டாலர் கடன் அளித்த உலக வங்கி, கோமாட்டி என்ற பழைய நிலையம் மூடப்பட்ட பிறகு அதை மாற்றியமைக்க 2022-ல் ஏறத்தாழ 50 கோடி டாலர் வழங்கியது. ஆனால், நிலையம் மூடப்பட்ட வேகத்தில் மாற்று வேலைவாய்ப்பு வந்து சேரவில்லை என்ற குறை அந்த ஊரில் எழுந்தது. இந்தோனேசியாவுக்கும் வியட்நாமுக்கும் 2022-ல் இத்தகைய திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. இந்தியா அதில் சேரவில்லை. அது சரியான முடிவே என்பதை அடுத்து நடந்தவை உணர்த்தின. 2025 மார்ச்சில் அமெரிக்கா இந்தக் கூட்டுத் திட்டங்களிலிருந்து விலகிக்கொண்டது. எரிவாயு உள்ளிட்ட எல்லா எரிபொருள்களுக்கும் உலக வங்கி நிதி தரவேண்டும் என்றும் அதே ஆண்டில் அந்நாடு வற்புறுத்தியது. ஒரு நாட்டுத் தேர்தலின் முடிவைப் பொருத்து மாறக்கூடிய வாக்குறுதியை நம்பி, கோடிக்கணக்கான மக்களின் மின்சாரத்தை எப்படித் திட்டமிட முடியும்?

ஆனால், பழி முழுவதையும் வெளிநாடுகள்மீது சுமத்திவிட்டுத் தில்லியும் மாநிலத் தலைநகரங்களும் ஒதுங்கிக்கொள்ள முடியாது. இந்தியாவில் வட்டி உயர்வதற்குக் காரணமான அபாயங்களில் சில இங்கேயே உருவானவை. மாநில மின் பகிர்மான நிறுவனங்கள் உற்பத்தியாளர்களுக்குத் தரவேண்டிய நிலுவை 2022 ஜூனில் ஏறத்தாழ 1.4 லட்சம் கோடி ரூபாயாக இருந்தது. தாமதத்துக்குத் தண்டம் விதிக்கும் விதிகளை மத்திய அரசு கொண்டுவந்த பிறகே அது குறையத் தொடங்கியது. 2019-ல் ஆந்திரத்தில் பொறுப்பேற்ற புதிய அரசு, முந்தைய ஆட்சியில் கையெழுத்தான காற்றாலை, சூரிய மின்சார ஒப்பந்தங்களின் விலையைக் குறைக்க முற்பட்டது. அது செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2022 மார்ச் வரை ஆயிற்று. ஆட்சி மாறினால் ஒப்பந்தமும் மாறும் என்ற அச்சம் ஒருமுறை தோன்றிவிட்டால், அடுத்த கடனுக்கான வட்டியில் அது எதிரொலிக்கும். ஒரு மாநிலம் செய்த காரியத்துக்கு எல்லா மாநிலங்களின் மின்நுகர்வோரும் விலை கொடுக்க நேரும்.

தூய மின்சாரத்துக்கென உள்நாட்டில் திரட்டிய நிதியும் வழிதவறிப் போயிற்று. 2010-ல் ஒரு டன் நிலக்கரிக்கு 50 ரூபாய் வரி விதிக்கப்பட்டது. 2016-க்குள் அது 400 ரூபாயாக உயர்ந்தது. தேசிய தூய எரிசக்தி நிதியத்துக்கான வரி அது. 2010-11 முதல் 2017-18 வரை வசூலான தொகை சுமார் 86,000 கோடி ரூபாய். திட்டங்களுக்குச் சென்றதோ சுமார் 16,000 கோடி மட்டுமே. 2017-ல் சரக்கு, சேவை வரி வந்தபோது அந்த வசூல் மாநிலங்களுக்கான இழப்பீட்டுக்குத் திருப்பிவிடப்பட்டது. 2025 செப்டம்பரில் அந்த மேல்வரியும் நீக்கப்பட்டு, பொது வரி விகிதம் மட்டும் உயர்த்தப்பட்டது. பன்னாட்டு நிதி திசைமாற வேண்டும் என்று கோரும் நாடு, தன் கையிலிருந்த நிதியைத் திசைமாற விட்டது நியாயமா?

இனி வரும் பணம் எங்கே செல்ல வேண்டும் என்பதும் சிந்திக்க வேண்டிய ஒன்று. 2025 ஜூனில் இந்தியாவின் நிறுவுதிறன் ஏறத்தாழ 4,85,000 மெகாவாட். அதில் பாதி நிலக்கரி, எரிவாயு சாராதது. 2030-க்கான இலக்கு ஐந்தாண்டு முன்னதாகவே எட்டப்பட்டது பெருமைக்குரியதே. ஆனால், உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் இன்னமும் நான்கில் மூன்று பங்கு அளவுக்கு நிலக்கரியிலிருந்தே வருகிறது. ராஜஸ்தானில் போதிய மின்பாதை இல்லாததால் 2025-ல் பகல் நேரச் சூரிய மின்சாரத்தின் ஒரு பகுதி எடுத்துக்கொள்ளப்படாமல் வீணாயிற்று. ஏலம் முடிந்தும் வாங்க ஆளின்றி, ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் 40,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட திட்டங்கள் தேங்கின. தகடு பதிப்பதற்குப் பணம் தர இன்று தனியார் வங்கிகள் உள்ளன. பற்றாக்குறை மின்பாதையிலும் மின் சேமிப்பிலும்தான்.

இதற்கும் முன்னுதாரணம் உண்டு. பசுமை மின்வழித் தடம் என்ற திட்டத்தின் முதல் கட்டத்தில் தமிழ்நாடு உள்ளிட்ட எட்டு மாநிலங்களில் மின்பாதைகள் அமைக்க, செலவில் 40 சதவீதத்தை மத்திய அரசு மானியமாகவும், 40 சதவீதத்தை ஜெர்மனியின் அரசு வங்கியான கே.எஃப்.டபிள்யூ. குறைந்த வட்டிக் கடனாகவும் அளித்தன. எஞ்சிய 20 சதவீதத்தை மாநிலங்கள் ஏற்றன. நெல்லையிலும் குமரியிலும் காற்று பலமாக வீசிய நாள்களில் காற்றாலைகளை நிறுத்திவைக்கும்படி உத்தரவு பெற்றவர்களுக்கு, அத்தகைய மின்பாதையின் அருமை தெரியும்.

நிலக்கரியை நம்பி வாழும் சிங்ரௌலி, தன்பாத், கோர்பா போன்ற ஊர்களையும் மறந்துவிடலாகாது. அங்கே நிரந்தரத் தொழிலாளரைவிட ஒப்பந்தத் தொழிலாளரும், லாரி ஓட்டுநரும், சிறு கடைக்காரருமே அதிகம் பாதிக்கப்படுவர். முன்பு மின் நிலையம் வந்தபோது நிலத்தை இழந்தவர்களின் பிள்ளைகள், அது மூடப்படும்போது வேலையையும் இழக்கக் கூடாது. இந்த மறுவாழ்வுக்குக் கடன் பொருந்தாது. வருமானம் தராத செலவுக்கு மானியமே முறை.

தனிநபர் கரியமில வாயு வெளியீட்டில் இந்தியாவின் அளவு உலக சராசரியில் பாதிக்கும் குறைவு. எனவே, மலிவான நிதி கேட்பது பிச்சை கேட்பதாகாது. 2023-ல் இந்தியாவின் தலைமையில் ஜி-20 அமைத்த, என்.கே. சிங்கும் லாரன்ஸ் சம்மர்ஸும் தலைமையேற்ற குழு, வளர்ச்சி வங்கிகளின் ஆண்டுக் கடன் அளவை 2030-க்குள் மும்மடங்காக்கப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை கோப்பில் உறங்கலாகாது. கடன் ரூபாயிலேயே வழங்கப்பட வேண்டும். நாணயச் சரிவின் சுமையில் ஒரு பங்கைக் கடன் தருபவரும் ஏற்க வேண்டும். மின்பாதைக்கும் சேமிப்புக்கும் முன்னுரிமை வேண்டும். சூரியப் பூங்காவானாலும், கடன் தந்த நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட வேண்டும். முந்த்ரா மீனவர்களுக்கு நேர்ந்தது சூரியப் பூங்காவுக்கு நிலம் கொடுத்த உழவர்களுக்கு நேரக் கூடாது.

அதே வேளையில், கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மதிப்பதும், வாங்கிய மின்சாரத்துக்கு உரிய காலத்தில் பணம் தருவதும் மத்திய, மாநில அரசுகளின் கடமை. இவ்விரு தரப்பும் தத்தம் பங்கைச் செய்யாதவரை, நிலக்கரிக்குக் கடன் இல்லை என்ற அறிவிப்பினால் நிலக்கரி எரிவது குறையாது. பன்னாட்டுக் கடன் மறுக்கப்பட்ட இடத்தில் உள்நாட்டு வங்கிக் கடனால் அதே அனல் மின் நிலையம் எழும். மக்கள் அதே புகையைச் சுவாசிப்பார்கள். அதற்கு இன்னும் கூடுதல் வட்டியும் கட்டுவார்கள்.